முதல் மணி ஹலினாவுடையது

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் ஃபென்தோர்ப் என்ற அந்த ஆங்கிலேயக் கிராமம் இரண்டாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதென்று நாடு வாக்களித்த செய்தி வந்ததும், மதுக்கடை வாசலில் கொடி ஏறியது. எதிரே பத்திரிகைக்கடைக்காரர் கதவைத் திறக்கவேயில்லை. பாதிப்பேர் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மீதிப்பேர் தங்கள் நாயைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

மேவிஸ் தபால் பையோடு காலிஃபிளவர் கொட்டகையைத் தாண்டும்போது ஹலினா வேலிக்கருகே தனியாக நின்றுகொண்டிருந்தாள். நாளை மதியம் அவளுக்குத் திருமணம். போலந்திலிருந்து காலிஃபிளவர் கட்ட வந்தவள், ஆறு வருடத்தில் மேற்பார்வையாளர் ஆகி, இந்த ஊர் கிரெக்கைக் காதலித்து, ஊர்த் தேவாலயத்தில் மணியடிக்கவும் கற்றுக்கொண்டாள். அந்தக் கோபுரத்தில் மணியடிக்கும் குழுவுக்கு மேவிஸ்தான் தலைவி.

"கேப்டன், நாளைக்கு மணி வேண்டாம்."

"ஏன்டி?"

"கடையில ரொட்டி வாங்கப் போனேன். பின்னாடி நின்னவர் ரொம்ப மரியாதையா கேட்டாரு, 'எப்பம்மா மூட்டை கட்டறே?'ன்னு. நான் காலிஃபிளவரைக் கேக்கறாருன்னு நினைச்சு, 'எட்டு மணிக்கு'ன்னு சொல்லிட்டேன். கடையே சிரிச்சுது." ஹலினா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "சத்தமில்லாம கல்யாணம் முடிச்சுட்டு பக்கவாட்டுக் கதவால போயிடறோம். ஊரைக் கூப்பிட்டுக் காட்ட வேணாம்."

"இங்கே பாரு. இந்தக் கோபுரத்துல மணியடிக்கறவங்க கல்யாணத்துக்கு மணியடிக்காம இருந்ததில்ல. நீ பெரிய வாசல் வழியா வர்றே. கோபுரத்துல இருக்கற ஆறு மணியும் அடிக்கும்."

"அவங்க அடிப்பாங்களா?"

"அது என் வேலை," என்றாள் மேவிஸ்.

*

அன்று மாலைப் பயிற்சிக்கு ஹலினா வரவில்லை. மற்ற ஐவரும் வந்தார்கள், வராமலே இருந்திருக்கலாம்.

லாரி ஓட்டும் டெஸ் கழுத்தில் கொடித் துணியைக் கட்டிக்கொண்டு படியேறினான். "முறை வரிசை எதுவும் வேணாம் மேவிஸ். இன்னைக்கு ஆறையும் முழங்க விடுவோம். விடுதலை நாள்."

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நெவில் கயிற்றைத் தொடாமல் நின்றார். "முழங்கறதா? தோல் உறை மாட்டி அடிக்கணும். சாவுக்கு அடிக்கற மாதிரி."

மணியின் நாக்கில் ஒரு பக்கம் மட்டும் தோல் உறை கட்டினால் ஒரு அடி தெளிவாக விழும், அடுத்த அடி போர்வைக்குள்ளிருந்து முனகும். ஊரில் யாராவது இறந்தால்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"யாரு செத்தா சார்? நீங்க இன்னும் நல்லாத்தானே இருக்கீங்க?"

"உனக்கு ஏழாம் வகுப்புல நான் புவியியல் எடுத்தேன் டெஸ். அதுல நீ வாங்கின மார்க்கைத்தான் நேத்து ஓட்டாப் போட்டிருக்கே."

பிரிட்சர்ட் சகோதரிகள் இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எதற்கு வாக்களித்தார்கள் என்று அந்த அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

"முழக்கமும் இல்ல, இழவும் இல்ல," என்றாள் மேவிஸ். "நாளைக்குக் கல்யாணம். அதுக்கு மட்டும்தான் இந்தக் கயிறு. பிடிங்க."

பிடித்தார்கள். ஆனால் இந்த மணிகளை அடிப்பது கண்ணால் செய்யும் வேலை. முன்னே அடிப்பவரின் கை இறங்குவதைப் பார்த்துத்தான் நம் கயிற்றை இழுக்க வேண்டும். நான்காம் மணி நெவிலும் ஐந்தாம் மணி டெஸ்ஸும் ஒருவரையொருவர் பார்க்க மறுத்தார்கள். தட்டுமுட்டுச் சாமான் படியில் உருள்வது போல மணிகள் மோதின. கால் மணி நேரத்தில் டெஸ் கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கிப் போனான்.

"பூட்டிட்டு வரேன்," என்று நெவில் மட்டும் பின்தங்கினார். கோபுரத்துக்கு எண்ணெய் போடுவதும் பூட்டுவதும் அவர் பொறுப்பு. மேவிஸ் அதை யோசிக்கவில்லை. அவள் டெஸ்ஸின் வீட்டுக் கதவைத் தட்டப் போய்க்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை டெஸ் வந்தான், கோட்டும் சூட்டுமாக. "உனக்காக வரல மேவிஸ். அந்த வாத்தியாருக்காகவும் வரல. அந்தப் பொண்ணு என் அம்மா செத்தப்போ கொட்டகை வேலையை விட்டுட்டு வந்து மணியடிச்சா."

ஹலினாவின் முதல் மணிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் போனில் வருத்தப்பட்டார். அவர் கோபுரத்திலும் நேற்று சண்டையாம்; சாவியை யாரோ கால்வாயில் எறிந்துவிட்டார்களாம், தேடுகிறாராம்.

"ஐஞ்சை வெச்சு ஆரம்பிப்போம்," என்றாள் மேவிஸ்.

ஓய்வில் மணிகள் வாய் கீழாகத் தொங்கும். ஆட்டி ஆட்டி, வாய் மேலாக நிறுத்திய பிறகுதான் முறைப்படி அடிக்க முடியும். இழுத்தார்கள். மணிகள் மெல்ல எழும்பின.

டாண். பிறகு ஒரு முனகல். டாண். முனகல்.

மேவிஸின் கை அந்தரத்தில் நின்றது. எல்லோரும் நெவிலைப் பார்த்தார்கள். அவர் முகம் சுண்ணாம்பாகியிருந்தது.

"காலையில வந்து நான் மட்டும் ஒவ்வொரு மணியா அடிக்கலாம்னு நேத்து ஆறுக்கும் மாட்டினேன். எனக்குன்னு ஒரு துக்கம். காலையில எழுந்ததும் அசிங்கமா இருந்துது, வரல. கழட்டணும்கறது மறந்தே போச்சு."

கீழே கார் கதவு சாத்தும் சத்தம். பிறகு சுழல் படியில் செருப்பொலி. வெள்ளைக் கவுனை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி ஹலினா வாசலில் வந்து நின்றாள். அந்த ஓசை என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"யாரு செத்தாங்க?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா மாட்டினேன்," என்றார் நெவில். "உனக்கில்ல. ஐரோப்பாவுக்கு."

"நல்லாருக்கு," என்றான் டெஸ். "போகச் சொன்னவன்னு என்னைத் திட்டினீங்க. நீங்க கருமாதியே பண்ணிட்டீங்க."

"டெஸ், வாயை மூடு," என்றாள் மேவிஸ். ஹலினாவின் பக்கம் திரும்பினாள். "கண்ணு, நீ கீழே போ. பத்து நிமிஷத்துல சரி பண்றேன்."

ஹலினா போகவில்லை. நேற்று வேலிக்கருகே தலைகுனிந்து நின்றவள் இவள்தானா என்று மேவிஸுக்குச் சந்தேகமாக இருந்தது.

"பக்கவாட்டுக் கதவால போறேன்னு சொன்னேன் இல்ல கேப்டன்? இப்போ சொல்றேன், போகமாட்டேன். இந்தச் சத்தத்தோட என் கல்யாணம் ஊர் காதுல நிக்கக் கூடாது." அவள் மேலே பார்த்தாள். "மொதல்ல மணியைக் கீழே இறக்குங்க. வாய் மேலே இருக்கும்போது யாரும் ஏறக் கூடாது. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, நெவில் சார்."

மணிகளை இறக்குவது ஏற்றுவதைவிடக் கடினம். கை கையைப் பார்த்தே ஆக வேண்டும். டெஸ் பெருமூச்சு விட்டு நெவிலின் கையைப் பார்த்தான். நெவில் டெஸ்ஸின் கையைப் பார்த்தார். முனகலும் டாணுமாக ஐந்து மணிகளும் வரிசை குலையாமல் இறங்கின.

நெவில் ஏணியைப் பிடித்தார். முழங்கால் மடங்க மறுத்தது.

"நகருங்க சார்," என்றான் டெஸ். "நான் மேலே போறேன். நீங்க கீழேருந்து எந்த வார் எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"இடது பக்கத்துக் கொக்கியை மொதல்ல."

"எது இடது? புவியியல்ல ஃபெயில் ஆனவன்கிட்ட கேக்கறீங்க."

நெவில் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. தோல் உறைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. ஹலினா அவற்றைப் பொறுக்கி, நெவிலின் கையில் கொடுத்தாள். "பத்திரமா வைங்க. நிஜமா யாராவது செத்தா வேணும்."

*

பாதிரியார் பதினைந்து நிமிடம் காத்திருந்து மணம் முடித்து வைத்தார். கிரெக்கும் ஹலினாவும் பெரிய வாசலை நோக்கி நடந்தார்கள். ரொட்டிக்கடையில் பின்னால் நின்று கேட்டவரும் கடைசி வரிசையில் இருந்தார். அவர் மனைவி அழைத்து வந்திருக்க வேண்டும். அவரருகே ஹலினா நின்றாள்.

"மூட்டை கட்டலை," என்றாள் மெதுவாக. "உள்ளூர்லயே இருக்கேன்."

பிறகு கிரெக்கின் கையில் பூச்செண்டைத் திணித்தாள். "ரெண்டு நிமிஷம் வெளியே நில்லு. ஆறாவது ஆள் வரல."

அவன் ஆச்சரியப்படவில்லை. அவளைக் காதலித்த நாள் முதல் கோபுரத்தடியில் நின்றே பழகியவன்.

மேலே ஐந்து பேரும் கயிற்றோடு தயாராக இருந்தார்கள். முதல் மணியையும் மேவிஸ் ஏற்றி வைத்திருந்தாள். ஹலினா முக்காட்டைக் கழற்றி பிரிட்சர்ட் தங்கையின் தோளில் போட்டாள். கையைக் கவுனில் துடைத்துவிட்டு முதல் கயிற்றைப் பிடித்தாள். முதல் மணிக்காரர்தான் குரல் கொடுத்துத் தொடங்க வேண்டும், அது முறை.

அவள் வட்டமாக எல்லோரையும் பார்த்தாள். டெஸ்ஸின் கண் நெவிலின் கையில் இருந்தது.

"கவனம்," என்றாள் ஹலினா. "முதல் மணி கிளம்புது."

இழுத்தாள்.