மைக் அணைந்திருந்த மூன்று சனிக்கிழமைகள்

1

இந்தக் கதை அரை விரல்நகம் அளவுள்ள ஒரு பொத்தானிலிருந்து பிறந்தது. பெரிய பெரிய கருவெல்லாம் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு வாய்த்தது இதுதான், குறையொன்றும் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை வலுத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள்

நிறுத்திவிட்டேன். மழையே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. மேலும் "அவள்" என்று எழுதிப் பட்டதெல்லாம் போதும். நான்தான். நாற்பத்தாறு வயது. பல் மருத்துவமனையில் வரவேற்பாளர், ஒழிந்த நேரத்தில் கதை எழுதுபவள்.

2

அடுத்து அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். இங்கேதான் எனக்குக் கை ஓடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். எப்பேர்ப்பட்ட நரம்பும் அவள் கைக்கு ஒரே குத்தில் அகப்பட்டுவிடும். இரண்டு வருடங்களுக்கு முன் நான் ஒரு கதை எழுதினேன். அதில் அவள் பெயரை மாற்றினேன், வேலையை மாற்றினேன், தலைமுடியைக்கூடச் சுருட்டையாக்கினேன். சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாளே, அதை மட்டும் மாற்றவில்லை. கதையின் நல்ல இடமே அதுதான் என்று நினைத்தேன்.

பத்திரிகையில் வந்தது. அக்கா யாருக்கோ ஊசி குத்திக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் ஒருத்தி, "இது நீங்கதானேக்கா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்த நோயாளியை அக்கா இரண்டாவது முறை குத்த வேண்டியதாயிற்று.

சாயங்காலம் எனக்கு போன் செய்தாள். "உன்கிட்டதான் சொன்னேன். ஊர்கிட்ட சொல்லல" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

3

அக்கா மகள் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருக்கிறாள். இந்த வருடத் தொடக்கத்தில் கூப்பிட்டாள்.

"சித்தி, அம்மா சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர்ல டீம் கேம் ஆடுறாங்க. ஒரு ஆள் குறையுதாம். சித்தியைக் கூப்பிடவான்னு கேட்டேன். 'வந்தா வரட்டும்'னாங்க."

வந்தா வரட்டும். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த இரண்டே சொற்கள். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

(விளையாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்: ஐந்து பேர் ஓர் அணி, எதிரணியிலும் ஐந்து பேர். எதிரியின் கோட்டையை முதலில் இடிப்பவருக்கு வெற்றி. தரவரிசை ஆட்டத்தில் சேர இருபதாவது நிலையை எட்டியிருக்க வேண்டும்.)

அந்த இருபதை எட்ட எனக்கு ஆறு வாரம் பிடித்தது. முதல் ஆட்டத்தில் பதினான்கு முறை செத்தேன். அதில் மூன்று முறை, வழி தெரியாமல் நானாகவே எதிரியின் வாசலில் போய் நின்று. கடைசியில் காயம் ஆற்றும் வைத்தியச்சியாக ஆடுவது என்று முடிவு செய்தேன். அடிக்கத் தெரியாதவளுக்கு அதுதான் பிழைப்பு.

4

முதல் சனிக்கிழமை. அக்கா கேடயம் ஏந்தி முன்னால் போகும் வீரனாக ஆடுகிறாள். புது ஹெட்செட்டில் அவள் குரல் கேட்டது.

"பின்னாடியே வா."

"சரிக்கா."

"பின்னாடி வான்னேன். கேக்குதா?"

"கேக்குதுக்கா!"

அவள் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் 'அக்கா' என்றதைக் கேளாதவள் மாதிரி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை, வழக்கம்போல் செத்துவிட்டு, மறுபடி உயிர் வர நாற்பது நொடி காத்திருந்தேன். அந்த நாற்பது நொடியில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லியே விட்டேன்: "அக்கா, அந்தக் கதைய நான் எழுதியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு."

அக்கா சொன்னாள்: "மேல் வழியா ரெண்டு பேர் வர்றாங்க. பாத்துக்கோ."

என் மன்னிப்புக்கு இவ்வளவுதான் மரியாதை என்று குமைந்தேன். ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. என்னை அடிக்க யார் வந்தாலும் அக்காவின் கேடயம் குறுக்கே வந்து நின்றது. மூன்றாம் வாரமும் அப்படியே. அணியில் மற்ற மூவரும் அக்காவோடு வேலை செய்பவர்கள். அக்கா தங்கை விவகாரத்தில் நமக்கென்ன என்று வாயைத் திறக்கவில்லை.

5

ஹெட்செட்டின் இடது காது இரைந்தது. உதவி மையத்துக்கு போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், முதல்ல மைக்கைப் பார்த்திடலாமா? ஏதாவது பேசி ரெக்கார்ட் பண்ணுங்க."

பேசினேன். போட்டுக் கேட்டால் ஒன்றுமே இல்லை. வயரைக் கழற்றி மாட்டினோம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். செட்டிங்ஸில் மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. இருபது நிமிடம் ஆகியும் அவள் குரலில் அலுப்புத் தட்டவில்லை.

"வயர்ல காலர் கிளிப் இருக்கில்ல, அதைக் கொஞ்சம் நகர்த்துங்க. அடியில ஒரு பட்டன் தெரியுதா?"

தெரிந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

"அது மியூட் மேடம். வாங்கினதுல இருந்தே அப்படித்தான் இருந்திருக்கும்."

மூன்று வாரமாக நான் பேசிய ஒரு சொல்கூட அக்காவுக்குப் போய்ச் சேரவில்லை. வந்து உட்கார்ந்துகொண்டு வாயே திறக்காத தங்கச்சி, அதுதான் அவளுக்குத் தெரிந்த நான். அப்படிப்பட்டவளுக்கா கேடயம் பிடித்தாள்? போனிலேயே அழுதுவிட்டேன்.

"பரவாயில்ல மேடம், நிறைய பேருக்கு நடக்கிறதுதான்," என்றாள் அந்தப் பெண், பதறிப்போய். பிறகு, "வேற ஏதாவது உதவி வேணுமா?"

(இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்ப மாட்டீர்கள். உதவி மையத்தில் பொறுமைசாலியா என்று எனக்கே சந்தேகம் வரும். ஒரு வரைவில் அவளைச் சிடுமூஞ்சியாக்கிப் பார்த்தேன். நன்றிகெட்டதனமாக இருந்தது, அழித்துவிட்டேன். எங்கிருந்தாலும் நன்றாக இரும்மா. இடது காது இன்னும் இரைகிறது. கேட்க மறந்துவிட்டேன்.)

6

நான்காம் சனிக்கிழமை. ஒருமுறை சொல்லிவிட்ட மன்னிப்பை மறுபடி சொல்வது லேசில்லை. பாதி ஆட்டம் போன பிறகுதான் வாய் வந்தது.

"அக்கா."

திரையில் அக்காவின் வீரன் நட்டநடு வழியில் அப்படியே நின்றுவிட்டான். எதிரணியின் ஐந்து பேரும் சேர்ந்து அவனை வெட்டினார்கள்.

"என்ன சொன்ன?"

"மைக் அணைஞ்சிருந்திருக்குக்கா. மூணு வாரமா பேசிட்டுத்தான் இருந்தேன், உனக்குக் கேக்கல."

"என்ன பேசின?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அதைக் கேட்டு அக்கா என்ன செய்தாள் என்பது. கதையின் நல்ல இடம் அதுதான். எடுத்துவிட்டேன்.]

ஆட்டத்தில் தோற்றோம்.

7

முடிவுக்கு இரண்டு வரைவுகள் இருந்தன. ஒன்றில் அக்கா என் வீட்டுக்கு வருகிறாள், கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததாக வரலாறே இல்லை. மற்றதில் எதிரியின் கோட்டை சரிகிறது, நாங்கள் தரவரிசையில் மேலே மேலே

பொய். இன்னும் அடிமட்டத்தில்தான் இருக்கிறோம்.

ஆகவே முடிவை வாசகரிடமே விடுகிறேன். மன்னிக்கவும், உங்களிடம் இல்லை. இதை முதலில் அக்காதான் படிப்பாள். வேண்டாம் என்றால் கிழித்துப்போடட்டும். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் ஏன் என்று கேட்க மாட்டேன். இரண்டு வருடம் கழித்து அவள் குரலைக் கேட்டேனே, அந்தச் சந்தோஷம் எனக்குப் போதும். கீழே இடம் விட்டிருக்கிறேன். அவள் எழுதுவதில் ஒரு புள்ளியையும் திருத்த மாட்டேன்.

8

படிச்சேன். அனுப்பிக் கேட்டியே, அதுக்கு தாங்க்ஸ். முடிவெல்லாம் எழுதாத, இன்னும் ஆடிட்டுத்தானே இருக்கோம். ஆறாவதுல எடுத்துட்டேன்னு சொன்ன இடத்துல இதைப் போட்டுக்கோ: அப்ப நான் அழுதேன். மைக்கை அணைக்காமதான் அழுதேன். நாலு பேருக்கும் கேட்டுச்சு. கேக்கட்டும்.