தூவானப்பற்று வாசகர் கடிதங்கள்

1986ஆம் ஆண்டு ஆவணி மாதம், மாத்தளையில் தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்த மஸீஹா டீச்சருக்கு, அவளே கற்பனையில் உண்டாக்கிய ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்திரை ஒழுங்காக ஒட்டியிருந்தது. கடிதத்தின் விஷயம் தண்ணீர். ஆற்றை வடக்கே திருப்பி வரைந்துவிட்டீர்கள், அதனால் எங்கள் பதினொரு கிராமங்களில் நாலு கிராமத்து வயல் காய்ந்து கிடக்கிறது, அடுத்த இதழில் தயவுசெய்து சரிபண்ணிப் போடவும் என்று எழுதி, ஒன்பது பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள்.

அந்த ஊருக்குப் பெயர் தூவானப்பற்று. நாலு வருஷத்துக்கு முன்னால், கப்பலில் வேலை செய்த மச்சான் ஒருவர் மஸீஹாவுக்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு விளையாட்டு. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவோ வைத்தியனாகவோ வேஷம் எடுத்து, என்ன செய்யப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது கைகூடுமா இல்லையா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும். கூடவே ஓர் உலகப் படமும் இருந்தது. அதன் கிழக்கு மூலையை வெறுமையாக விட்டு, விளையாடுகிறவர்களே நிரப்பிக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மஸீஹாவுடன் சேர்ந்து விளையாடிய நல்லையா, ஒரு நில அளவையாளரிடம் படம் வரைகிற வேலையில் இருந்தவர். வெறும் காகிதத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஆறும் மலையும் பாலமும் அவர் போட்டார். தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்த பழனிமுத்து அந்த ஊருக்கு வேண்டிய நோய்களையும் மருந்துகளையும் எழுதினான். பெயர்களும் சட்டங்களும் மஸீஹா பொறுப்பு. எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கிற ஊர் என்பதால் அந்தப் பெயர். எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, மலைக்காட்டு லக்கலவுக்கு அப்பால் என்று பகிடியாகச் சொல்லி வைத்தார்கள்.

ரோணியோ மெஷினில் 'தூவானச் செய்தி' என்று ஒரு பத்திரிகையும் அடித்தார்கள். நாற்பது பிரதியில் தொடங்கி, கண்டியிலும் மட்டக்களப்பிலும்கூட நூற்றறுபது பேர் வாசிக்கிற அளவுக்கு அது வளர்ந்தது. உப்பளம் எங்கே வர வேண்டும், திருவிழா எந்த மாதம் என்றெல்லாம் வாசகர்கள் எழுதிப்போட, கூடுதல் பேர் சொன்னது சட்டமானது. பக்கத்து ஊரான நாலந்தாவில் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் நல்லையா படத்தை விரித்து வைத்து விளக்கம் சொன்னபோது, இரண்டு பேர் அங்கே காணி கிடைக்குமா என்று விசாரித்தார்கள்.

ஒன்பது பேர் கடிதத்தைப் பழனிமுத்துவின் வேலை என்றுதான் மஸீஹா நினைத்தாள். அவன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தாள், பொருந்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த இதழில் ஆற்றைத் தெற்கே திருப்பினாள். அறுவடைக் காலத்தில் ஒரு சிறு பை நெல் தபாலில் வந்தது. அது என்ன இனம் என்று விவசாயப் போதனாசிரியருக்கே தெரியவில்லை. தான் எழுதுவதால் அவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் இருப்பதால்தான் தனக்கு எழுத வருகிறதா என்று மஸீஹாவுக்குப் பிடிபடவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

எண்பத்தெட்டில் அந்த விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து எழுதினார்கள். மஸீஹா மொழிபெயர்த்து அனுப்பிய பக்கங்கள் அவர்களுக்குப் பிடித்திருந்தன. மூவர் பெயரையும் போட்டுப் புத்தகமாக்கத் தயார். ஒரே குறை, உங்கள் நாட்டில் சண்டை போதாது என்றிருந்தது. அரசாங்கத்துக்கு எதிரான கிளர்ச்சி மூண்டிருந்த அந்த வருஷம் மாத்தளையில் யாரோ ஒட்டிய நோட்டீஸுக்குப் பயந்து கடைகள் மூடுவதும், வேறு யாரோ வந்து மிரட்டித் திறப்பதுமாக இருந்தது. பாதையோரத்தில் எரிந்து கிடந்ததைப் பார்க்காமல் நடக்க எல்லோரும் பழகியிருந்தார்கள். கடிதத்தை மூன்று பேரும் மாறி மாறிப் படித்தார்கள். காகிதத்தில் இரண்டு படை மோதினால் யாருக்கு வலிக்கப் போகிறது, உலகமே நம் ஊரை வாசிக்குமே என்றான் பழனிமுத்து. நல்லையா மட்டும், "ஒன்பது பேர் கையெழுத்து வச்சிருக்காங்களே டீச்சர்" என்றார். மஸீஹாவுக்குப் புத்தக ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. பார்ப்பதற்கு மட்டும் முகாம்களையும் படை வரும் வழியையும் பென்சிலால் போட்டுக் கொண்டுவாங்க என்று நல்லையாவிடம் கேட்டுக்கொண்டாள். அவர் பல மாதம் இழுத்தடித்து, அடுத்த வருஷம் ஐப்பசியில் ஒருவழியாகப் போட்டார். படத்தைச் சுருட்டிக்கொண்டு பல்லேபொலவிலிருந்து பஸ்ஸில் வருகிறபோது, சோதனைச் சாவடியில் அவரை இறக்கினார்கள்.

மஸீஹா விதிப் புத்தகத்தையும் தாயக்கட்டையையும் எடுத்துக்கொண்டு, நல்லையாவின் அக்கா அழகம்மாவோடு இராணுவ முகாமுக்குப் போனாள். அதிகாரி படத்தை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் பாரம் வைத்திருந்தார். அம்புக்குறிகள் மேல் விரலை வைத்து, இந்தப் பகுதிக்குப் பொறுப்பு யார் என்று சிங்களத்தில் கேட்டார். மஸீஹாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"நாங்க மூணு பேர்தான் சேர்" என்றாள்.

அங்கே சுடுவதற்குத் துவக்கு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருத்தரும் இல்லை, இனிமேல் வைக்கலாமா என்றுதான் யோசித்தோம் என்றாள். அவர் தாயக்கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நல்லையாவைக் காலையிலேயே விட்டுவிட்டோம் என்று சொல்லிப் பதிவேட்டைக் காட்டினார். அது நல்லையாவின் கையெழுத்துத்தான். ஆனால் நல்லையா வீட்டுக்கு வரவில்லை. பதினொரு நாள் இரண்டு பெண்களும் முகாம் முகாமாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். அதன் பிறகு மஸீஹா கம்பெனிக்கு, சண்டை கிடையாது, புத்தகமும் வேண்டாம் என்று எழுதினாள். பழனிமுத்துதான் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தான்.

அது நடந்து ஏழாம் மாதம் நல்லையாவின் எழுத்தில் ஒரு கடிதம் வந்தது. "டீச்சர், படம் கிட்டத்தட்ட சரி. கிழக்குப் பாலம் மட்டும் நான் போட்டதைவிடக் குறுகல், ரெண்டு பேர் சேர்ந்து போக முடியாது. பென்சில் கோடு எல்லாத்தையும் இங்க வந்து அழிச்சிட்டேன். அக்காகிட்ட சொல்லிடுங்க."

அழகம்மாவிடம் இதைக் கொடுத்தால் நல்லையா உயிரோடு இருக்கிறார் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா என மஸீஹா இரண்டு வாரம் குழம்பினாள். கடைசியில் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். அழகம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அங்கே சாப்பாடு எப்படி என்றாள். இந்த முறை நல்ல விளைச்சல் என்றாள் மஸீஹா. விஷயம் பரவி, மகனைத் தேடுகிற தாய்மார், சிங்களவரும்கூட, பெயரும் வயதும் எழுதிய துண்டுகளோடு தட்டச்சு வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள். மஸீஹா எல்லாப் பெயர்களையும் பத்திரிகையின் பின்பக்கத்தில் போட்டாள். சிலருக்குப் பதில் வந்தது. பலருக்கு வரவில்லை. பதில் வராத பெயர்களை அவள் அடுத்த இதழிலும் போட்டாள்.

தொண்ணூற்று நாலில் அழகம்மா ஒருநாள் வந்து உட்கார்ந்தாள். "தம்பிக்கு முப்பத்தாறு வயசாச்சு டீச்சர். அங்க ஒரு பொண்ணு பாத்து எழுதிக் குடுங்க."

ஆறு, பாதை, சட்டம் இவ்வளவுதான் எழுதலாம், ஆட்களை எழுத ஏலாது என்று மஸீஹா சொல்லிப் பார்த்தாள்.

"அப்ப சட்டம் எழுதுங்க" என்றாள் அழகம்மா. "வெளியூர்லருந்து வந்தவனுக்கும் பொண்ணு குடுக்கலாம்னு."

இதில் மறுக்க எதுவும் இருப்பதாக மஸீஹாவுக்குத் தோன்றவில்லை. வாசகர்களிடம் விட்டாள். எதிர்த்து ஒரு கடிதம்கூட வராததால் சட்டமானது. மூன்றாம் மாதம் மூலையில் மஞ்சள் தடவிய கலியாணக் காகிதம் வந்தது. அழகம்மா ஒரு கூறைச்சேலை எடுத்துக்கொண்டு லக்கல பஸ்ஸில் ஏறிப்போய், ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். பெண் தம்பியைவிடக் கொஞ்சம் உயரம், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை, மழைதான் ஒருநாளும் விடவில்லை என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே, ஈரச்சேலையைக் கொடியில் காயப்போட வீட்டுக்குப் போனாள்.