வேர் விடக் கூடாத வாளிகள்

கிறகரி அண்ணைக்கு மனம் இரங்கியது உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனையோடுதான் இரங்கியது.

"இரு பிள்ளை, எவ்வளவு காலத்துக்கு வேணுமெண்டாலும் இரு. ஆனா நிலத்தில ஒண்டும் நடப்படாது."

தென்னம்பிள்ளை கூடாது, முருங்கைத் தடி கூடாது, கத்தரி மிளகாய்கூடக் கூடாது. இந்தியாவில் அகதி முகாமில் அரை ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி, கொண்டுவந்த பெட்டியின் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் நின்ற பிரான்சிஸ்காவுக்குச் சொந்தப் பெரியப்பா மகன் சொன்ன வரவேற்பு இது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற நிலைமை இல்லை. அவளுடைய சீதன வளவு மன்னாரில், கீரி என்ற ஊருக்கு அப்பால் கடற்கரைப் பாதையோரம் இருந்தது. அதைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து உள்ளே இராணுவம் முகாம் போட்டிருந்தது. யுத்தம் முடிந்த பிறகும் முகாம் போகவில்லை. "விடுவினம், விடுவினம்" என்று அரசாங்கக் கந்தோரில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விடும்வரை தலை சாய்க்க அவளுக்கும் புருசன் சந்தியோகுவுக்கும் கிடைத்தது, கீரியில் கிறகரியின் வெறுங்காணியில் ஒரு மூலையும் அதில் ஒரு தகரக் கொட்டிலும்தான்.

கிறகரியின் பயம் ஊருக்கே உள்ள பயம். சனங்கள் திரும்பி வந்தபோது யாருடைய காணியிலோ யாரோ இருந்தார்கள். வழக்குப் பேசப் போனால் முதல் கேள்வியே, "மரம் ஆர் வைச்சது?" என்பதுதான். காணி உறுதிப் பத்திரம் ஒரு பக்கம் கிடக்க, மரம் வைத்தவன் காணிக்காரன் மாதிரி நிமிர்ந்து நிற்பான். அதனால் ஒருவனை இருக்க விட்டாலும் வேர் விட விடக்கூடாது என்பது அந்தக் கரையில் எழுதாத சட்டமாகிப்போயிற்று. சரி, பயம் இருக்கட்டும். அதற்காகக் கத்தரிக் கன்றுக்குமா? கத்தரி எந்தக் கோட்டில் ஏறிச் சாட்சி சொல்லப் போகிறது?

"நிலத்தில தானே நடப்படாது?" என்று மறுநாள் விடிந்ததும் சந்தியோகுவிடம் கேட்டாள். "நிலத்தில நடாமலே வளத்துக் காட்டுறன், பாருங்கோ."

"உனக்கேன் இந்த வேலை? பேசாம இரு" என்றார் அவர். எதற்கும் பேசாமல் இருக்கச் சொல்கிற மனிதர் சந்தியோகு. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

மீன்வாடியில் உடைத்து எறிந்த, வெள்ளை நுரை அட்டை போன்ற ரெஜிபோம் ஐஸ்பெட்டிகளைப் பொறுக்கி வந்தாள். கட்டடக்காரர் விட்டுப்போன பெயின்ற் வாளிகள், வாய் வெட்டிய எண்ணெய்க் கலன்கள், கைபிடி போன அண்டா, எல்லாம் வந்து சேர்ந்தன. கறுப்பு வாளி வெயிலில் வேரை அவித்துவிடும் என்று வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசினாள். அடியில் துளை போட்டு, அதன்மேல் ஓட்டுத் துண்டு வைத்து, ஆட்டெருவோடு கலந்த மண்ணை நிரப்பினாள். கரையில் ஒதுங்கிய சாதாளை என்ற கடற்புல்லை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசிக் காயவைத்து மேலே போர்த்தினாள். மண்ணின் ஈரம் வெயிலில் பறந்துவிடாது.

பாத்திரம் தயார். அதில் எதை வைப்பது என்பதில்தான் முதலில் ஏமாந்தாள். முருங்கன் சந்தையில் ரோசாக் கன்று ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். சோளகம் தொடங்கியது. மன்னாரில் சோளகம் என்பது வெறும் காற்றல்ல, உப்பையும் மணலையும் சேர்த்து முகத்தில் அறைகிற சாமான். ரோசா விளக்குமாற்றுக் குச்சியாகிவிட்டது. அடுத்த வளவு மார்த்தா ஒரு அந்தூரியம் கொடுத்தாள். அது மலைநாட்டுச் சீமாட்டி. ஒரு மத்தியான வெயிலைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று படுத்துவிட்டது.

அன்றோடு பிரான்சிஸ்கா ஒரு முடிவுக்கு வந்தாள். கூச்சப்படுகிற செடி இந்தக் கரைக்குச் சரிவராது. கோடையில், அதுவும் ஒரு வாளி மண்ணில் நிற்க வேண்டுமென்றால் கொஞ்சம் திமிர் பிடித்ததாகத்தான் இருக்க வேண்டும். பார்ப்பவர் கண்ணைக் குத்துகிற நிறமும் இருக்க வேண்டும். அப்படித் தேடித் தேடித்தான் சேர்த்தாள். பெரிய பெயின்ற் வாளியில் கடதாசிப்பூ. தண்ணீரைக் குறைக்கக் குறைக்கக் கோபத்தில் பூக்கிற செடி அது, அதனாலேயே அவளுக்குப் பிடித்தது. ஆழமான ஐஸ்பெட்டியில் செவ்வரத்தை. அண்டாவில் அடினியம், அடி பருத்து, வயிற்றில் தண்ணீரைப் பதுக்கி வைத்துக்கொண்டு, யாரையும் கெஞ்சாமல் பூத்தது. காற்றுப் பக்கம் வாள் மாதிரி நிமிர்ந்த மருள். அதன் மறைவில் மஞ்சளும் சிவப்புமாகக் குறோட்டன். கலன்களின் விளிம்பால் வழிகிற பத்துமணிப்பூ. தகரக் கொட்டிலின் முன்னால் இவ்வளவும் சேர்ந்து கூச்சல் போட்டன. பாதையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

"கொட்டிலுக்கு முன்னால மாளிகைப் பூ எதுக்கடி? ரெண்டு கீரையைப் போடன்" என்றாள் மார்த்தா.

"கீரையும் போட்டிருக்குத்தானே. அது சட்டிக்கு, இது எனக்கு. இத்தினை வருசமா முகாமில நீலத் தறப்பாளையே பாத்த கண் மார்த்தா. கொஞ்சம் சிவப்பைப் பாக்கட்டும்."

ஏழை எதை நட்டாலும் அது வயிற்றுக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

ஆனால் கிறகரிக்குக் கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை தோறும் சந்தியோகுவை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, எல்லா வாளியையும் பெட்டியையும் தூக்கி, துளையால் எட்டிப் பார்க்கிற வேரைக் கிள்ளி, இடம் மாற்றி வைப்பாள். ஒரு மயிரிழை வேர்கூட அந்தக் காணி மண்ணைத் தொட அவள் விடவில்லை. உலகத்தில் வேறு யார் இப்படி ஒரு தோட்டம் செய்திருப்பார்கள்? செடி வைத்துவிட்டு, அது பிடித்துவிடக் கூடாதே என்று காவல் இருக்கிற தோட்டம்!

நடுக்கோடையில் மகள் ஜெனிஸ்ராவுக்குப் பிள்ளைப்பேறு வந்தது. மகள் அடம்பனில் கலியாணம் கட்டியிருந்தாள். தாயும் தகப்பனும் போய்ப் பத்தியக் கறி, மருந்து, குழந்தை முழுக்கு என்று அங்கேயே நின்றுவிட்டார்கள். வாளிகளை மார்த்தாவிடம் ஒப்படைத்தாள். மார்த்தா பாவம், ஒரு நாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றினாள். ஆனால் தூக்கி வைக்க வேண்டும் என்பதை அவளிடம் சொல்ல, பேரப்பிள்ளை வந்த பதற்றத்தில் பிரான்சிஸ்கா மறந்துபோனாள்.

அந்த இடைவெளியில் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, கிறகரியின் காணியைச் சுற்றிப் பார்த்து, கடற்கரையில் நின்று படமும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். உல்லாச விடுதி கட்டப் போகிறார்களாம். அடம்பனிலிருந்து வந்து பிரான்சிஸ்கா பஸ்ஸால் இறங்கியவுடனேயே மார்த்தா இதைச் சொல்லிவிட்டாள்.

கொட்டிலடியில் கூட்டம் நின்றது. கிறகரி பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்து வளவு பஸ்ரியனும் இன்னும் சில ஆட்களும் நின்றார்கள். கிறகரி கடதாசிப்பூ வாளியின் விளிம்பைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வாளி அசையவில்லை. துளையால் இறங்கிய வேர் நிலத்துக்குள் போயிருந்தது.

"பாதர், கண்ணால பாருங்கோ. பாவமெண்டு இடம் குடுத்த பிழைக்கு எனக்கு இதுவும் வேணும். கள்ளத்தனமா நட்டிருக்கிறாள்."

பிரான்சிஸ்கா பையைக் கீழே வைத்துவிட்டு வாளியடிக்கு வந்தாள்.

"நான் நட்டனானோ அண்ணை? வாளியில வைச்சனான். நான் இல்லாத நேரம் அது தன்ர பாட்டில இறங்கியிருக்கு."

"இறங்கினா இறங்கினதுதான். ஆர் வைச்ச மரம் நிலத்தில வேர் விடுதோ, அவைக்கு அந்த நிலத்தில பாத்தியதை. ஊர் முழுக்க அதுதானே கதை. நாளைக்கு நீ கோட்டில ஏறினா நான் என்ன செய்யிறது?"

"இது பூச்செடி அண்ணை."

"பூச்செடியெண்டா என்ன, புளியமரமெண்டா என்ன? வேர் வேர்தான். திருவிழாவுக்கு முன்னம் நீ இடத்தை விடவேணும்."

பங்குத்தந்தை தொண்டையைச் செருமினார். "பிள்ளை, கிறகரி நல்ல மனசோட இடம் தந்தவர். கோவப்படாம, சமாதானமாப் போங்கோ."

சமாதானம்! காணி உள்ளவனிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. எப்போதும் இல்லாதவளிடம்தான் வந்து கேட்கிறார்கள். விடுதிக்குக் காணி வேண்டுமென்றால் வேண்டுமென்று சொல்லலாம். எழும்பிப் போ என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அதைச் சொல்லத் துணிவில்லாமல், ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு ஊர் கூட்டி அவளைக் கள்ளியாக்குகிறார்கள். சனிக்கிழமை தோறும் அவள் கிள்ளி எறிந்த வேரை யார் கண்டார்கள்?

"விடு பிரான்சிஸ்கா, பேசாம இரு" என்றார் சந்தியோகு மெல்ல.

அவள் கேட்கவில்லை. "அண்ணை, இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. எல்லாரும் கேக்கட்டும்."

கிறகரிக்கு அது பிடித்துப்போயிற்று. குரலை உயர்த்தி, பாதரைப் பார்த்து, ஒரு சொல் குறையாமல் மறுபடி சொன்னார். ஆர் வைச்ச மரம் வேர் விடுதோ, அவைக்குப் பாத்தியதை. பூச்செடியெண்டாலும் சரி, புளியெண்டாலும் சரி.

பிரான்சிஸ்கா கொட்டிலுக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்தாள். வாளியைச் சரித்து, வேரை ஒரே வெட்டாக வெட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பஸ்ரியன் அண்ணை, உங்கட லாண்ட்மாஸ்ரரைக் கொண்டு வாறியளோ?"

அடம்பனுக்கு மகளிடம் போகப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாளி, பெட்டி, அண்டா, கலன் எல்லாவற்றையும் அந்தக் கை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். கிறகரியே கைகொடுத்து ஏற்றினார். அவ்வளவு சந்தோசம் அவருக்கு.

"நீங்களும் வாங்கோ பாதர். கிறகரி அண்ணை, நீங்களும் ஏறுங்கோ. எங்க கொண்டுபோய் வைக்கிறனெண்டு பாக்கவேணுமெல்லோ. பிறகு இன்னொரு காணிக்காரன் வந்து கேக்கக் கூடாது."

லாண்ட்மாஸ்ரர் அடம்பன் பக்கம் திரும்பவில்லை. கடற்கரைப் பாதையால் போய், முகாம் வேலியடியில் நின்றது. முகாம் போட்டவர்கள் முள்ளுக்கம்பியை நேர்கோட்டில் இழுத்த அவசரத்தில், அவளுடைய சீதன வளவின் பாதைப் பக்க ஓரம் ஒரு கீலமாக வெளியே தப்பிக் கிடந்தது. நாலு பாய் விரிக்கிற அகலம் இருக்கும். அவளுடைய அப்பா நட்ட எல்லைக்கல்லும் அதிலேயே நின்றது. வந்த நாளிலிருந்து அந்தப் பாதையால் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனவள் அவள். நின்று பார்த்தால் யாராவது அதட்டுவார்களோ என்ற பயம். இன்றைக்கு அந்தப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் வந்த இடத்தில் அதற்கு இருக்க இடம் கிடைக்கவில்லை போலும்.

முதல் வாளியை இறக்கினாள். கத்தியால் அதன் அடியை வட்டமாக வெட்டி எறிந்துவிட்டு, எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறி அதில் அழுத்தி வைத்தாள். அடுத்தது ஐஸ்பெட்டி. அதன் அடியையும் வெட்டினாள். பஸ்ரியனுக்கு விளங்கிவிட்டது. அவரும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் துவக்கோடு வந்தான். சின்ன வயது. "அம்மே, மொகத மே?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

பிரான்சிஸ்கா நிமிரக்கூட இல்லை. "பூ" என்றாள்.

"மல் மாத்தயா, மல்" என்று பஸ்ரியன் மொழிபெயர்த்தார்.

சிப்பாய் செவ்வரத்தையைப் பார்த்தான், அடினியத்தைப் பார்த்தான், கடதாசிப்பூவைப் பார்த்தான். அவன் முகம் இளகியது. "ஆ, மல்! லஸ்ஸனய்" என்றான். அழகாகத்தான் இருந்தது. "ஹரி, ஹரி" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனான். பூதானே, வைத்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பான்.

கிறகரி சட்டை நனைய வியர்த்துப்போய் நின்றார். "உனக்கு விசரே பிள்ளை? நாளைக்குப் பெரியவங்கள் வந்து பிடுங்கி எறிஞ்சா?"

"மேல பிடுங்கினாலும் வேர் கீழ நிக்கும் அண்ணை. பிடிச்ச உடன கொட்டிலையும் கழட்டிக்கொண்டு வந்து இதில போடப்போறன். அதுவரைக்கும் மார்த்தா வீட்டில படுப்பன். நீங்கள் யோசிக்காதேங்கோ." அவள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "ஆராவது வந்து, இது ஆற்ற காணி எண்டு கேட்டா உங்களைத்தான் கூப்பிடுவன். ஆர் வைச்ச மரம் வேர் விடுதோ, அவைக்குப் பாத்தியதை. பூச்செடியெண்டாலும் சரி. இண்டைக்குச் சொன்ன மாதிரியே, சத்தமா வந்து சொல்லவேணும்."

கிறகரி பாதரைப் பார்த்தார். "நான் அதை... அது வேற கதை பாதர்."

பங்குத்தந்தை எல்லைக்கல்லைப் பார்த்தார். "இல்லைக் கிறகரி" என்றார். "நீர் சொன்னனீர்தான். நானும் கேட்டனான்."

சந்தியோகு லாண்ட்மாஸ்ரரிலிருந்து தண்ணீர்க் கானை இறக்கி, ஒவ்வொரு வாளியாகக் குனிந்து ஊற்றத் தொடங்கினார். கடதாசிப்பூவுக்கு ஒரு கை ஊற்றிவிட்டு நகரப் பார்த்தவரை பிரான்சிஸ்கா மறித்தாள்.

"இன்னும் ஊத்துங்கோ" என்றாள். "கீழ இறங்கட்டும்."