பங்குனி உத்திரத்துக்கு மல்லிகை

பங்குனி உத்திரத்தன்று முருகனுக்குச் சாத்தும் முதல் சரம் எங்கள் வீட்டு மல்லிகையில் கட்டியது. கொழும்பு வெள்ளவத்தைக் கோயிலில் அறுபது வருடமாக எங்கள் குடும்பத்துக்கு உள்ள உரிமை அது. கடைப்பூவை நாங்கள் ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை.

இந்த வருடம் மாசி முழுவதும் மழை இல்லை. அந்த நேரத்தில் காரைக்குடியில் மைத்துனருக்கு அறுபதாம் கல்யாணம். பன்னிரண்டு நாள் போயாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் யோசெப்பினிடம் கேட் சாவியைக் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"பைப் தண்ணி நிண்டாலும் எங்கட டேங்க்ல இருக்கும் அங்கிள். அதை ஊத்துறன்."

"வேண்டாம்மா. சாமிக்குப் போற பூ. எங்க கிணத்துத் தண்ணி மட்டுந்தான்."

"எங்கட தண்ணி என்ன பாவம் செய்தது?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏழாம் நாள், கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது அழைத்தாள். "அங்கிள், கிணத்துத் தண்ணி அடியில போயிட்டுது. தண்ணி உப்புக் கரிக்குது. கடல் தண்ணி ஏறிட்டுது போல. டேங்க் தண்ணி ஊத்தட்டா?"

சுற்றிலும் உறவுக்காரர்கள் இருந்தார்கள். "எங்க அப்பச்சி வெட்டின கிணறு. அது உப்பாகாது. சொன்னதைச் செய்," என்றேன்.

திரும்பி வந்தபோது இலைகள் ஓரம் கருகி உதிர்ந்து கிடந்தன. மொட்டுகள் கறுத்திருந்தன. மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. வாளியில் தண்ணீர் இறைத்து வாயில் வைத்தேன். துப்பினேன்.

"நீங்க சொன்னபடி காலையும் பின்னேரமும் ஊத்தினனான் அங்கிள்," என்றாள் யோசெப்பின். அவள்மேல் குற்றமில்லை. தன் டேங்கிலிருந்து அவளே வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினாள். நான் தடுக்கவில்லை. மறுநாள் மிச்ச இலையும் விழுந்தது.

"மார்க்கட்ல பூ இருக்கு. ஆர் பாக்கப் போகினம்?"

"அந்தப் பேச்சு வேண்டாம்மா."

உத்திரத்துக்கு மூன்று நாள் முன்பு குருக்களுக்கு போன் செய்தேன். "செடி பட்டுப்போச்சு சாமி. இந்தத் தடவை சரம் தர முடியல."

"அதுக்கென்ன செட்டியார், நவநீதகிருஷ்ணன் வீட்டுக்காரர் ரெண்டு வருஷமாக் கேட்டுக்கொண்டிருக்கினம். அவையே செய்யட்டும். உங்களுக்கும் வயசு போயிட்டுது, இனி ஏன் இந்தக் கஷ்டம்?"

"நல்லது," என்று வைத்துவிட்டேன்.

மனைவி கண்ணாத்தாள் அருகில் நின்றாள். "இந்த வருஷத்துக்கு மட்டும்னு சொன்னீங்களா?"

அதைச் சொல்லி, கொடுத்த உரிமையைத் திரும்பக் கேட்டு நிற்க என்னால் முடியாது. அவளுக்கு அது தெரியும். மறுபடி கேட்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு யோசெப்பின் வீட்டுக்குக் குடிதண்ணீருக்குப் போனாள்.