யாரும் வரக்கூடாது என்ற ஜெபம்

போதகர் ஸ்டெய்ன்தோர் அந்த ஞாயிற்றுக்கிழமை கடவுளிடம் கேட்டது போதகர்கள் கேட்கிற வரமே அல்ல. ஒரு ஈ காக்கைகூடக் கோயில் பக்கம் வரக்கூடாது. எங்கள் பள்ளத்தாக்கில் அதற்கு இடமும் உண்டு. பனிக்காற்றோ, மழைக்கு முன் அள்ளியாக வேண்டிய காய்ந்த வைக்கோலோ ஆட்களை நிறுத்திவிட்டால் ஆராதனை கிடையாது. போதகர் காப்பி குடித்துவிட்டு வீடு திரும்பலாம்.

பாவம், மனிதருக்குப் பயம். போன மாதப் பிரசங்கத்தில் பாதி வாக்கியத்தோடு வாயடைத்துப் போய், முழித்து நின்று, "ஆமென்" என்று இறங்கி ஓடியவர். தலைநகரில் படித்துவிட்டு வந்தவர், கல்யாணம் ஆகவில்லை. துணைக்கு ஒரு பூனை. அதற்கும் பாதி நாள் பக்கத்துப் பண்ணையில்தான் சாப்பாடு.

வானமோ துடைத்துவிட்டாற்போல் இருந்தது. தேவாலயத்துச் சாவியை வைத்திருக்கும் விதவை சால்வோர் அவருடைய கறுப்பு அங்கிக்குப் பொத்தான் போட்டாள்.

"கையைக் கொஞ்சம் சும்மா வைங்க ஐயா. இப்படி நடுங்கினா நான் எங்க பொத்தானைப் பிடிக்கிறது? காலையில சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அது உள்ள தங்கல போலிருக்கு. ஆத்தோரமா ஜீப்பை நிறுத்திக் குனிஞ்சு நின்னீங்களாமே. ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன் கெஸ்துர் பார்த்திருக்கான்."

பார்த்தது ஒரு கெஸ்துர் என்றால் அறிந்தது பள்ளத்தாக்கு முழுவதும். போதகர் கண்ணை மூடிக்கொண்டார்.

சால்வோர் மணி அடித்தாள். யாரும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தாள். ஆற்றுக்கு அப்பால் பண்ணை வீடுகளில் புகை எழுந்தது, கதவுகள் திறக்கவில்லை. கேட்ட வரம் கிடைத்துவிட்டது. ஆனால் தலைவலி தீர்ந்தவர் முகமாகவா இருந்தது அது?

"ஏன் ஒருத்தரும் வரல? காத்துகூட இல்லையே."

சால்வோர் மெழுகுவர்த்தியை நோண்டினாள். "வர வேண்டாம்னு பேசி வச்சிட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். வெள்ளிக்கிழமை போன்ல. அந்த மனுஷன் படுற பாட்டைப் பார்க்கச் சகிக்கல, நாம போகாட்டி அவருக்கு நிம்மதின்னு கெஸ்துர்தான் ஆரம்பிச்சான். கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குன்னு கேக் சுட்டுக் கொடுத்திருக்காங்க."

"கேக்கா?"

"மூணு."

அவர் முன்வரிசைப் பலகையில் உட்கார்ந்தார். அந்தப் பலகைகளில் வரிசையாக இருக்கும் முகங்களை நினைத்துத்தான் இரவெல்லாம் முழித்துக் கிடந்தார். மாதத்தில் அவர் நாலு மனிதரை ஒன்றாகப் பார்ப்பதும் அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் வேண்டாமென்று முழங்காலில் நின்று கேட்டு வாங்கியாயிற்று. இப்படியே விட்டால் அடுத்த மாதமும் கேக்தான் வரும்.

"போன் பண்ணுங்க."

"என்னன்னு?"

"எனக்குப் பயம்தான்னு சொல்லுங்க. இன்னைக்கும் வாயடைச்சுப் போனாலும் போகும். இருந்தாலும் வரச் சொல்லுங்க."

"பயம்னா சொல்றது? வயித்துவலின்னா கொஞ்சம் கௌரவமா இருக்குமே."

"பயம்னே சொல்லுங்க, சால்வோர்."

அவள் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு ஓடினாள். எத்தனை வீட்டைக் கூப்பிட வேண்டும்? ஒன்று போதும். பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே டெலிபோன் கம்பி. ஒரு வீட்டுக்கு மணி அடித்தால் எல்லா வீட்டிலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக் கேட்பது எங்கள் ஊர் மரியாதை.

தேவாலயத்தில் அவர் தனியாக இருந்தார். பூனைகூட இல்லை. கழுத்தைச் சுற்றிய வெள்ளைப் பட்டி இறுக்கியது. தாளில் எழுதியிருந்த முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். குரல் வெறும் சுவரில் பட்டுத் திரும்பியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வர மாட்டார்கள் என்று நினைத்தபோதும் பார்வை கதவை விட்டு நகரவில்லை. இது பயம் அல்ல, பயத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆற்றின் மரப்பாலம் கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ ஒரு ஜீப். உடனே பழைய பயம் திரும்பி வந்தது.

அவர் எழுந்து போய், வாசலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து வைத்தார்.