அக்காவின் இமையில் இரண்டு மஞ்சள் திட்டுகள்

1

இந்தக் கதையை அக்காவிடமிருந்து எடுத்தேன். கேட்டுவிட்டு எடுத்தேனா என்றால், இல்லை. பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் என்மேல் உள்ள கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கம் இப்படி இருந்தது: ‘அவளுடைய இமைகளின் மேல் அந்தி வெயில் இளைப்பாறுவதுபோல’—

வேண்டாம். இருந்தது வெயில் இல்லை, கொழுப்பு. இரண்டு மேல் இமைகளிலும், மூக்கை ஒட்டிய ஓரத்தில், இமைக்கு ஒன்றாக மஞ்சள் திட்டு. இடது பக்கத்தது கொஞ்சம் பெரியது.

2

அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பரு, தழும்பு, காலரில் விழுந்த பொடுகு என்று எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. வருகிறவர்கள் தாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு போகிறார்கள்.

[அவரை வில்லனாக்கி ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். எலிக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிற மனிதர். வேலைக்கு ஆகவில்லை.]

ஆறு வருடத்துக்கு முன் அக்காவின் இமையில் முதல் புள்ளி வந்தது. அத்தான் அதையும் அக்காவிடம் சொல்லாமலே படத்தில் அழித்தார். புள்ளி வளர்ந்தது, அவரும் சளைக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் வீட்டில் வேறு யாரும் படம் எடுப்பது அவருக்குப் பிடிக்காது. செல்ஃபி என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

ஆக, கண்ணாடியில் மஞ்சள் இருக்கிறது, படத்தில் இல்லை. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? குளியலறை பல்பில்தான் கோளாறு என்று அக்கா நினைத்தாள். மூன்று பல்பு மாற்றினாள். பிறகு கண்ணாடியையே மாற்றினாள்.*

* பழைய கண்ணாடி என் வீட்டில் இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை, நான் எதிரே நிற்காதவரை.

3

அக்கா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் புத்தகம் திருப்பித் தர வந்த ஒரு பெண், கண்ணில் பசை ஒட்டியிருக்கிறது என்று சொல்லிக் கைக்குட்டையால் துடைக்கவே வந்துவிட்டாள். அதன் பிறகுதான் தோல் டாக்டர். அத்தானும் கூடப் போனார்.

டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். தோலுக்கடியில் கொலஸ்ட்ரால் படிந்திருக்கிறது, லேசரில் எடுத்துவிடலாம், திரும்ப வந்தாலும் வரும், முதலில் ரத்தப் பரிசோதனை என்றார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். மூன்று பல்பு காலமாக என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. பழைய படம் இருந்தால் காட்டச் சொன்னார்.

அக்கா போனைத் திறந்தாள். ஆறு வருடத்துப் படங்கள். ஒவ்வொன்றிலும் இமை பளிச். போன மாதம் எடுத்ததிலும் பளிச்.

ஒரே மாதத்தில் இவ்வளவா என்று டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதயம், ஈரல் என்று பரிசோதனைகளை எழுதிக்கொண்டே போனார்.

‘அத்தான் உடனே எழுந்து உண்மையை’— இல்லை. உடனே எழவில்லை. சுவரிலிருந்த தோல் படத்தைப் பரீட்சைக்குப் படிப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அக்கா மெல்லக் கேட்டபோதுதான் உடைந்தார்.

“ஆறு வருஷமா இருக்கு டாக்டர். நான்தான் அப்பப்ப எடுத்துட்டு வந்தேன்.”

“எதை வச்சு எடுத்தீங்க?”

“மவுஸ் வச்சு.”

4

முடிவு அ: தன் முகத்தை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்த கணவனை நினைத்து அக்கா உருகுகிறாள். பத்திரிகைக்கு ஏற்றது. அக்காவுக்கு ஏற்றதல்ல.

முடிவு ஆ: அக்கா கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாள். எனக்கு ஏற்றதல்ல.

நடந்தது இது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சொன்னாள்: “அழகா காட்டணும்னு செஞ்சீங்க, சரி. நான் ஆறு வருஷமா என் கண்ணையே நம்பாம இருந்தேனே, அது தெரியுமா உங்களுக்கு?” அத்தான் பஸ் என்றும் பார்க்காமல் அழுதார்.

ரத்தத்தில் கொழுப்பு நிறையவே இருந்தது. வேறொன்றும் இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆறு வருடம் முன்பே தெரிந்திருக்க வேண்டியது. (அத்தானுக்காகப் பரிதாபப்பட்டு இந்தக் கடைசி வரியை அடித்திருந்தேன். அக்கா திரும்ப எழுதச் சொன்னாள்.)

5

ஆம், அவள் படித்துவிட்டாள். என் மேஜைமேல் கிடந்த முதல் வரைவில் திட்டை மச்சமாக மாற்றியிருந்தேன். கதைக்கு மச்சம் எடுப்பாக இருக்கும் என்று பட்டது.

“அவர் மவுஸால எடுத்தாரு. நீ பேனாவால எடுக்கறியா?” என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

லேசருக்கு முன் ஒரு படம் வேண்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அத்தானே எடுத்தார். எதையும் தொடவில்லையாம். கை மட்டும் இரண்டு நாள் மவுஸைச் சுற்றியே வந்ததாம்.

‘அடுத்த வாரம் அக்கா லேசர் அறைக்குள்’—

“எடுக்கறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணலடா. அதுக்குள்ள நீ முடிச்சிடாத.”

முடிக்கவில்லை. வாசகரே, உங்களிடம் விட்டுவிடுகிறேன். திட்டு இருக்கட்டும் என்றோ போகட்டும் என்றோ நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுதுவதற்கு முன் அவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காலை ஒன்பது மணியிலிருந்து நூலகத்தில்தான் இருக்கிறாள். அத்தானுக்கும் எனக்கும்தான் அப்படிக் கேட்கத் தோன்றவே இல்லை.