பித்தளை ஏன் சில்லிடுகிறது

இறந்தவரின் மையத்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் வந்து நின்றார்கள். உள்ளே நுழைய வழியில்லை. கட்டிலைச் சுற்றிலும் காகிதம். நஜ்முன்னிசா வாரி வாரி மூலையில் போட்டாள். போடப் போட வந்துகொண்டே இருந்தது.

“விடுங்க மதினி, நான் எடுக்குறேன்,” என்றான் கொழுந்தன் ஜலால்.

“மௌத்தாகியும் என்னையக் குப்பை அள்ள வச்சுட்டாரு இந்த மனுசன்.”

நூருல் அமீன் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். ஓய்வுக்குப் பிறகு, சயின்ஸ் படிக்காதவர்களுக்கென்று பௌதிகப் புத்தகம் எழுத உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கத்தையும் மனைவிக்குப் படித்துக் காட்டுவார். குழம்பு கொதித்தாலும் விடமாட்டார். அவளுக்குப் புரிந்தால்தான் பக்கம் அச்சுக்குப் போகும்.

கடைசிப் பக்கம்தான் நகரவில்லை. விடிகாலையில் பித்தளைச் சொம்பு சில்லென்று இருக்கிறதே, பக்கத்து மரப்பலகை ஏன் அப்படி இல்லை? ஏழு தடவை எழுதினார். இன்று காலை கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்க ஏழாவதைப் படித்தார்.

“உலோகமானது வெப்பத்தைத் துரிதமாகக் கடத்துவதால்… இப்பப் புரியுதா?”

“புரியல. மொதல்ல கஞ்சியக் குடிங்க.”

ஆறிய கஞ்சியைச் சுடவைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது உயிர் போயிருந்தது.

சாயங்கால அசர் தொழுகைக்குமுன் சந்தூக்குப் பெட்டியில் வைத்து மூடி, மேலே வெள்ளைப் போர்வை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் மேலமாசி வீதி அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் முத்திருளன் வந்தான்.

“மன்னிச்சுக்கிடுங்கண்ணே. யுத்தத்துல பேப்பரே கெடைக்கல. இன்னைக்கு ஓட்டலைன்னா இருக்குறதும் வேற வேலைக்குப் போயிரும். கடைசிப் பக்கம் ஒண்ணுதான் பாக்கி.”

ஜலால் எரிச்சலோடு ஏழாவது தாளை எடுத்து நீட்டினான். வாங்கிப் படித்தவன் நகரவில்லை.

“இன்னும் என்னப்பா?”

“கோக்குற எனக்கே புரியலண்ணே.”

பெண்கள் இருந்த பக்கம் கட்டிய திரைக்குப் பின்னாலிருந்து நஜ்முன்னிசாவின் குரல் சீறி வந்தது. “யாருக்குத்தான் புரியும்? கடத்துதாம், துரிதமாம்! எம்புட்டுத் தடவ தலையில அடிச்சுக்கிட்டேன்! எழுதிக்கிடுங்க. சொம்பும் பலகையும் ராப்பூராம் ஒரே வீட்டுலதான் கெடந்துச்சு. ரெண்டும் ஒரே குளிருதான். நீங்க தொடுறப்ப, கையில இருக்க சூட்டைச் சொம்பு சட்டுன்னு வாங்கிக்கிடுது. பலகை மெதுவா வாங்குது. சூடு கையவிட்டுப் போற வேகம்தான் சில்லுன்னு தெரியுது. சொம்புக்குன்னு தனியாக் குளிர் கெடையாது.”

முத்திருளன் தாளின் பின்பக்கம் எழுதி, திருப்பிப் படித்தான். “புரியுதும்மா.”

ஜலால் திரையைப் பார்த்தான். “மதினி, இது ஒங்களுக்கு எப்பப் புரிஞ்சுச்சு?”

திரைக்குப் பின்னால் நஜ்முன்னிசா, மறுபடியும் ஆறிப்போன கஞ்சியை எடுத்து மூடிவைத்தாள்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். முத்திருளன் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விரல்களை வேட்டியில் துடைத்துவிட்டு, பின்பக்கம் தோள் கொடுத்தான். வாசலைத் தாண்டும்போது வெள்ளைப் போர்வையின் ஓரத்தில் அச்சு மை படிந்த நாலு விரல் தடங்கள் தெரிந்தன.